உங்களுக்குத் தெரியுமா? – ஒருவர் இருக்க இன்னொருவர் எதற்கு?

அமெரிக்கர்கள் ‘ஃபுட்பால்’ என்று அழைக்கும் ஆட்டத்தில் காலைவிடக் கைக்குத்தான் வேலை அதிகம். முட்டை வடிவப் பந்தை வாங்கி, யாருக்கு எறிவது என்று இரண்டு மூன்று விநாடிக்குள் முடிவெடுப்பவர் குவார்ட்டர்பேக். அணியில் 53 பேர் இருந்தாலும் ஊர் வாயில் விழுவது அவர் ஒருவர்தான். ஒவ்வோர் ஏப்ரலிலும் கல்லூரி வீரர்களைப் பங்கு பிரிக்கும் ‘டிராஃப்ட்’ வரும்போது ஏதாவது ஓர் ஊரில் இந்தச் சண்டை கிளம்பும்: ஏற்கெனவே ஒரு பையன் இருக்கிறானே, இன்னொரு பையனை எடுக்கலாமா?

● டிராஃப்டில் ஐபிஎல் ஏலம் போலக் காசைக் காட்டி ஆளைத் தூக்க முடியாது. முந்தைய சீசனில் கடைசி இடம் பிடித்த அணிக்கு முதல் வாய்ப்பு, சாம்பியனுக்குக் கடைசி வாய்ப்பு. மொத்தம் ஏழு சுற்று. முதல் டிராஃப்ட் 1936-ல் ஃபிலடெல்ஃபியா ஓட்டல் ஒன்றில் நடந்தது. கரும்பலகையில் 90 பெயர்களை எழுதி வைத்திருந்தார்கள். முதல் ஆளாகத் தேர்வான ஜே பெர்வாங்கர் தொழில்முறை ஆட்டம் ஒன்றில்கூடக் களமிறங்கவில்லை. ஆரம்பமே அப்படி!

● 2010-ல் முதலிடத்தில் தேர்வான சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு ஆண்டுக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம். அடுத்த ஆண்டே அதே முதலிடத்தில் வந்த கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுக்குச் சுமார் 2.2 கோடிதான். இடையில் நடந்தது என்ன? 2011-ல் வீரர் சங்கத்துடன் போட்ட புதிய ஒப்பந்தத்தில் புதுமுகங்களின் சம்பளத்துக்குக் கடிவாளம் போட்டுவிட்டார்கள். இன்று நிலைபெற்ற குவார்ட்டர்பேக் ஒருவர் ஆண்டுக்கு 6 கோடி டாலர் வரை கேட்கிறார் (டல்லாஸின் டாக் பிரெஸ்காட் 2024-ல் வாங்கிய விலை அது). ஓர் அணி 2025-ல் மொத்தச் சம்பளத்துக்குச் செலவிட அனுமதிக்கப்பட்ட உச்சவரம்போ 27.92 கோடி. பிரெஸ்காட் விலையில் ஒருவரை வாங்கினால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரே ஆளுக்குப் போய்விடும். ‘இன்னொரு பையன்’ என்ற பேச்சு அடிக்கடி எழுவதற்குப் பாதிக் காரணம் இந்தக் கணக்குதான். மீதிப் பாதி, முழங்கால் காயம்.

● கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் மேலாளர் ரான் வுல்ஃபுக்கு ஒரு பழக்கம். 1990-களில் அவரிடம் இருந்தவர் பிரெட் ஃபாவ்ர். காயம் பட்டாலும் ஆட்டத்தைத் தவறவிடாத மனிதர். இடைவெளி இல்லாமல் 297 ஆட்டங்களைத் தொடங்கி வைத்தவர். அப்படி ஒருவர் இருக்கும்போது இளைஞர்கள் எதற்கு என்று யாரும் கேட்பார்கள். வுல்ஃப் எடுத்துக்கொண்டே இருந்தார், அதுவும் பெரும்பாலும் பின் சுற்றுகளில், மலிவாக. ஐந்தாம் சுற்றில் மார்க் புரூனல், ஆறாம் சுற்றில் மேட் ஹாசல்பெக், நான்காம் சுற்றில் ஆரன் புரூக்ஸ். மூவரும் கிரீன் பேயில் உட்கார்ந்து வேலை கற்றுக்கொண்டு, பிறகு வேறு அணிகளுக்கு நல்ல விலைக்குப் போய் அங்கே முதன்மை வீரர்களானார்கள். 1994 பயிற்சி முகாமில் தேறாமல் அனுப்பப்பட்ட இன்னொருவர் அயோவாவில் சூப்பர் மார்க்கெட் அலமாரிகளில் சரக்கு அடுக்கினார். அவர் பெயர் கர்ட் வார்னர். ஆறு ஆண்டுக்குள் லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்று கோப்பையைத் தூக்கினார். ஆனால் கிரீன் பே அணிக்காக அல்ல.

● ஃபாவ்ரே வுல்ஃப் கைக்கு வந்த கதையும் இதே ரகம். அட்லான்டா அணி 1991-ல் அவரை இரண்டாம் சுற்றில் எடுத்தது. அந்த முழு சீசனிலும் அவர் எறிந்தது 4 பந்து. ஒன்றுகூடத் தன் அணியினர் கைக்குப் போகவில்லை, இரண்டு எதிரணி கைக்குப் போயின. பையன் தேறமாட்டான் என்று அட்லான்டா முடிவுகட்டியது. ஒரு முதல் சுற்று வாய்ப்பைக் கொடுத்து வுல்ஃப் வாங்கிக்கொண்டார். அட்லான்டாவின் பெயரை நினைவில் வையுங்கள், திரும்ப வரும்.

● 2005-ல் ஆரன் ராஜர்ஸ் முதலிடத்திலேயே போவார் என்ற பேச்சு இருந்தது. சான் ஃபிரான்சிஸ்கோ அவரை விட்டுவிட்டு அலெக்ஸ் ஸ்மித்தை எடுத்தது. நியூயார்க் அரங்கில், கேமராக்கள் முகத்தையே மொய்க்க, நான்கு மணி நேரத்துக்கும் மேலாக உட்கார்ந்திருந்தார் ராஜர்ஸ். அணிக்குப் பின் அணியாக அவரைத் தாண்டிப் போனது. 24-வது இடத்தில் எடுத்தது கிரீன் பே; அங்கே ஃபாவ்ருக்கு அப்போது வயது 35. மூன்று ஆண்டு பெஞ்சில். 2008-ல் ஃபாவ்ரை நியூயார்க் ஜெட்ஸுக்கு அனுப்பினார்கள். ஊரே கொதித்தது. 2011 பிப்ரவரியில் ராஜர்ஸ் சூப்பர் பவுல் வென்றார், கொதிப்பு அடங்கியது.

2020-ல் கதை திரும்ப ஓடியது. ராஜர்ஸுக்கு வயது 36. கிரீன் பே முதல் சுற்றில் 30-வது இடத்திலிருந்து 26-க்கு முன்னேறி ஜோர்டன் லவ் என்ற இளைஞரை எடுத்தது. அன்றிரவு தனக்கு ஒரு கிளாஸ் டக்கீலாவை ஊற்றிக்கொண்டதாக ராஜர்ஸ் பிறகு சொன்னார். கோபத்தைக் களத்தில் காட்டினார்: 2020, 2021 இரண்டு ஆண்டும் லீகின் மிகச் சிறந்த வீரர் விருது அவருக்கே. அப்படியானால் லவ்வை எடுத்தது வீண் என்றார்கள். 2023-ல் ராஜர்ஸும் ஜெட்ஸுக்கே போய்ச் சேர்ந்தார். அங்கே நான்காவது முறை பந்தை வாங்கியபோதே குதிகால் தசைநார் அறுந்து சீசன் முடிந்தது. அதே சீசனில் லவ், டல்லாஸில் போய்ப் பிளேஆஃப் ஆட்டத்தை 48-32 என்று வென்று வந்தார். 1992 முதல் 2022 வரை 31 சீசனுக்கு இரண்டே இரண்டு முதன்மைக் குவார்ட்டர்பேக். இந்த நிம்மதி, ‘இன்னொருவர் எதற்கு’ என்ற கேள்விக்கு அந்த அணி காது கொடுக்காததால் வந்தது.

● டாம் பிரேடியை எடுத்தபோது நியூ இங்கிலாந்து அணியில் ஏற்கெனவே மூன்று குவார்ட்டர்பேக்குகள் இருந்தார்கள். நான்காவது ஆளுக்கு இடம் ஒதுக்குவது அன்றும் வழக்கமில்லை, இன்றும் இல்லை. 2000-ஆம் ஆண்டு, ஆறாம் சுற்று, 199-வது பெயர். அடுத்த மார்ச்சில் முதன்மை வீரர் டுரூ பிளெட்சோவுடன் 10 ஆண்டுக்கு 10.3 கோடி டாலர் என்று கையெழுத்திட்டது அணி. பையனுக்குக் கதவு அடைபட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

2001 செப்டம்பர் 23, ஃபாக்ஸ்பரோ மைதானம். கடைசிக் கால்பகுதி. எறிய ஆள் கிடைக்காமல் பிளெட்சோ வலப்பக்க எல்லைக்கோட்டை நோக்கி ஓடுகிறார். ஓட்டம் அவர் தொழில் அல்ல, கால்கள் கனக்கின்றன. கோட்டைத் தொடும் முன் ஜெட்ஸின் மோ லூயிஸ் முழு வேகத்தில் வந்து மோதுகிறார். விழுந்தவர் எழுந்துவிட்டார், திரும்ப வந்து ஆடவும் செய்தார். அவர் தடுமாறுவதைக் கண்டபிறகே நிறுத்தினார்கள். மார்புக்குள் ரத்தக்குழாய் கிழிந்து ரத்தம் தேங்கிக்கொண்டிருந்தது மருத்துவமனையில்தான் தெரிந்தது. பிளெட்சோ பிழைத்தார், குணமானார். ஆனால் உள்ளே போன பிரேடி வெளியே வரவில்லை. அந்த சீசனிலேயே கோப்பை, அவர் ஆட்ட வாழ்வில் மொத்தம் ஏழு.

● சான் டியாகோ சார்ஜர்ஸ் 2001-ல் டுரூ பிரீஸை எடுத்தது. மூன்று ஆண்டில் பொறுமை போனது. 2004 டிராஃப்டில் முதலிடத்தில் ஈலை மேனிங்கை எடுத்து, சற்று நேரத்தில் நியூயார்க் ஜயன்ட்ஸுக்குக் கொடுத்து, மாற்றாக ஃபிலிப் ரிவர்ஸை வாங்கியது. பின்னால் ஒருவன் நிற்கிறான் என்றதும் பிரீஸ் வேறு மனிதரானார்: அந்த சீசனில் 27 டச்டவுன் (கோல் மாதிரி), 7 இடைமறிப்பு (எதிரணி பிடித்துக்கொண்ட பந்து) மட்டும். 2005-இன் கடைசி நாள், பிளேஆஃப் வாய்ப்பு எல்லாம் போன பிறகு நடந்த பொருளற்ற ஆட்டம். கையிலிருந்து நழுவிய பந்தின்மேல் பாய்ந்தார். டென்வரின் பாரமான வீரர் ஒருவர் அவர் தோள்மீது விழுந்தார். எறியும் கை! சார்ஜர்ஸ் அவரை விட்டுவிட்டது. மயாமி மருத்துவர்கள் தோளைப் பார்த்துத் தயங்கினார்கள். நியூ ஆர்லியன்ஸ் தயங்கவில்லை. 2010 பிப்ரவரியில் அந்த ஊருக்கு முதல் கோப்பை வந்தது.

சார்ஜர்ஸ் செய்தது தவறா? ரிவர்ஸ் 2019 வரை அந்த அணியில் ஆடினார், நன்றாகவே ஆடினார். கோப்பை மட்டும் வரவில்லை. இருவரில் யாரை வைத்துக்கொண்டாலும் மற்றவருக்காக வருந்தியிருக்கவேண்டும். இது கொடுத்துவைத்த அணியின் கவலை என்பேன்.

● டல்லாஸ் 1989-ல் செய்ததுதான் கூத்து. ஏப்ரலில் முதலிடத்தில் டுராய் எய்க்மன். ஜூலையில் துணை டிராஃப்டில் ஸ்டீவ் வால்ஷ், அதுவும் முதல் சுற்று விலையில்! கோச் ஜிம்மி ஜான்சனுக்குக் கல்லூரியில் வால்ஷ் சீடர். துணை டிராஃப்டில் ஆளை எடுத்தால் மறு ஆண்டின் வாய்ப்பைக் கொடுத்தாகவேண்டும். அந்த சீசனில் டல்லாஸ் 16 ஆட்டத்தில் ஒன்றுதான் வென்றது, ஆகவே கொடுத்தது 1990-இன் முதலிட வாய்ப்பை. இதில் வேடிக்கை, வென்ற அந்த ஒரே ஆட்டத்தில் ஆடியவர் வால்ஷ். எய்க்மன் தொடங்கிய 11 ஆட்டங்களும் தோல்வி. ஆனாலும் அடுத்த ஆண்டு வால்ஷை நியூ ஆர்லியன்ஸுக்கு அனுப்பிவிட்டு எய்க்மனோடு நின்றார்கள். 1990-களில் மூன்று கோப்பை.

● 2012-ல் சியாட்டில், கிரீன் பேயிலிருந்து மேட் ஃபிளின்னைப் பெரிய விலைக்கு வாங்கியது. அடுத்த மாதமே மூன்றாம் சுற்றில் 5 அடி 11 அங்குலம்கூட இல்லாத ரஸல் வில்சனை எடுத்தது. முகாமில் குள்ளர் வென்றார். சூப்பர் பவுல் வென்ற 2013 சீசனில் அவர் சம்பளம் சுமார் 5.26 லட்சம் டாலர். மிச்சமான பணம் எல்லாம் தடுப்பாட்டத்துக்குப் போயிற்று.

● முந்தைய ஆண்டு முதல் சுற்றில் எடுத்தவர் இருக்க, இந்த ஆண்டும் முதல் சுற்றில் இன்னொருவரா? அரிசோனா 2018-ல் ஜாஷ் ரோசனை 10-வதாக எடுத்தது. 3 வெற்றி, 13 தோல்வி, கோச் வேலையிழந்தார். புதிதாக வந்த கோச் கிளிஃப் கிங்ஸ்பரி தன் பாணிக்குப் பொருந்திய கைலர் மரேயை 2019-ல் முதலிடத்தில் எடுத்தார். ரோசன் மறுநாளே மயாமிக்கு, இரண்டாம் சுற்று வாய்ப்பு ஒன்றும் கொசுறும் மாற்றாக. ஈவிரக்கமில்லை என்று அன்று எழுதினார்கள். ஏற்கெனவே போன காசுக்காக இன்னும் ஒரு சீசனையும் இழப்பதுதான் அதைவிடப் பெரிய அசட்டுத்தனம் என்பது என் கட்சி.

இதற்கு முன்னோடி உண்டு. பால்டிமோர் கோல்ட்ஸ் 1982-ல் ஆர்ட் ஷ்லிக்டரை எடுத்தது. மறு ஆண்டு சூதாட்டத்துக்காக லீக் அவரை இடைநீக்கம் செய்தது. 1983-ல் முதலிடத்தில் ஜான் எல்வே. அவரோ பால்டிமோருக்கு வரமாட்டேன், யாங்கீஸுக்காக பேஸ்பால் ஆடப் போகிறேன் என்று முறுக்கிக்கொண்டார். சில நாளில் டென்வருக்கு மாற்றப்பட்டு அங்கே இரண்டு கோப்பை வென்றார். இரண்டு ஆண்டு, இரண்டு முதல் சுற்று, பால்டிமோர் கையில் குவார்ட்டர்பேக் இல்லை!

● சான் ஃபிரான்சிஸ்கோ 2021-ல் மூன்றாம் இடத்துக்கு முன்னேறுவதற்காக எதிர்கால முதல் சுற்று வாய்ப்புகளை மயாமிக்கு வாரிக் கொடுத்து டிரே லான்ஸை எடுத்தது. மறு ஆண்டு, 262-வதாக, டிராஃப்டின் கடைசிப் பெயராக, பிராக் பர்டி. கடைசிப் பெயருக்கு ‘பொருட்படுத்தத் தேவையில்லாத திருவாளர்’ என்று பட்டம் சூட்டிக் கேலி விழா எடுப்பது அங்கே வழக்கம். லான்ஸ் கணுக்கால் முறிந்து விழுந்தார். அவருக்கு அடுத்து நின்ற ஜிம்மி கராப்பலோவும் கால் முறிந்து விழுந்தார். பர்டி வந்தார், வென்றார். 2023-ல் 8.7 லட்சம் டாலர் சம்பளத்தில் அணியைச் சூப்பர் பவுல் வரை கொண்டுபோய் கூடுதல் நேரத்தில் கான்சஸ் சிட்டியிடம் தோற்றார். 2025-ல் அவருக்கு 26.5 கோடி டாலர் ஒப்பந்தம். லான்ஸ்? நான்காம் சுற்று வாய்ப்பு ஒன்றுக்கு டல்லாஸுக்குப் போனார்.

நான் இதில் காண்பது ஒன்றுதான்: உன் முறை வரும்போது இன்னொரு பையனை எடு, ஆண்டுதோறும் எடுத்தாலும் தவறில்லை, ஆனால் வரிசையில் முந்துவதற்காக வீட்டை அடகு வைக்காதே.

● இதே பர்டி 2023 ஜனவரியில் ஃபிலடெல்ஃபியாவில் அரையிறுதி ஆடினார். ஆரம்பத்திலேயே எறியும் கையின் முழங்கை தசைநார் கிழிந்தது. மாற்று வீரர் ஜாஷ் ஜான்சன் தலையில் அடிபட்டு வெளியேறினார். மூன்றாவது ஆள் இல்லை. எறிய முடியாத பர்டியையே திரும்பக் களத்துக்கு அனுப்பினார்கள். அவர் பந்தை வாங்கி ஓடுபவர் கையில் கொடுத்துக்கொண்டே மிச்ச ஆட்டத்தைக் கழித்தார். அந்த மே மாதமே, அவசரத்துக்கு மூன்றாவது குவார்ட்டர்பேக்கைத் தயாராக வைத்துக்கொள்ள லீக் விதி செய்தது.

● சிகாகோ பேர்ஸ் 2017-ல் மிட்சல் டுருபிஸ்கியை இரண்டாவதாக எடுத்தது. பத்தாவதாகப் போனவர் பேட்ரிக் மஹோம்ஸ்! கான்சஸ் சிட்டியில் ஒழுங்காக ஆடிக்கொண்டிருந்த அலெக்ஸ் ஸ்மித் இருக்கும்போதே அவரை எடுத்து ஓர் ஆண்டு உட்கார வைத்தார்கள். அடுத்த சீசனில் 50 டச்டவுன். சிகாகோ 2021-ல் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ், 2024-ல் கேலப் வில்லியம்ஸ் என்று தேடிக்கொண்டே இருந்தது. எரிக் கிரேமர் 1995-ல் எறிந்து எடுத்த 3,838 யார்டு, 2024 முடியும்வரை அந்த அணியின் ஒரு சீசன் சாதனையாக இருந்ததைக் கொண்டு அந்த ஊரின் வறட்சியை அளந்துகொள்ளலாம். வில்லியம்ஸ் கிடைத்த விதம் மட்டும் சாமர்த்தியம். 2023-இன் முதலிடத்தைக் கரோலைனாவுக்கு விற்றார்கள். விலையில் கரோலைனாவின் 2024 முதல் சுற்று வாய்ப்பும் அடக்கம். பிரைஸ் யங்கை எடுத்த கரோலைனா 2 வெற்றி, 15 தோல்வி என்று கடைசியில் நிற்க, அந்த வாய்ப்பு மீண்டும் முதலிடமாகச் சிகாகோ கைக்கே வந்தது.

● எதிர்க்கட்சிக்கும் வாதம் உண்டு, வலுவானதுதான். வாரப் பயிற்சியில் ஆடிப் பார்க்கும் வாய்ப்புகள் அளவானவை. பெரும்பகுதி முதன்மை வீரருக்கே. இரண்டாம் இளைஞன் அடுத்த எதிரணியின் ஆட்டத்தை நடித்துக் காட்டும் வேலையைச் செய்கிறான், தன் அணியின் ஆட்டத்தை அல்ல. பங்கு பிரித்தால் இருவரும் அரைகுறை. ‘இரண்டு குவார்ட்டர்பேக் இருந்தால் ஒருவரும் இல்லை’ என்று அங்கே சொல்வார்கள். ஒரே உறையில் இரண்டு கத்தி என்று நாம் சொல்வதுதான். இதற்கு உதாரணம் தேட ஜெட்ஸைத் தாண்டிப் போகவேண்டாம். 2016-ல் இரண்டாம் சுற்றில் எடுத்த கிறிஸ்டியன் ஹாக்கன்பர்க் ஒரு லீக் ஆட்டம்கூட ஆடாமல் போனார். 2018-ல் சாம் டார்னல்ட். 2021-ல் அவரைத் தள்ளிவிட்டு ஸாக் வில்சன். டார்னல்ட் 2024-ல் மின்னசோட்டாவுக்கு 14 வெற்றி வாங்கிக் கொடுத்தார். ஆக, பையனை மாற்றியதால் மட்டும் கேடு வரவில்லை. வந்தவர் எவரையும் வளர்க்கத் தெரியாத வீடு அது.

● ஃபிலடெல்ஃபியா 2019-ல் கார்சன் வென்ட்ஸுக்குப் பெரிய ஒப்பந்தம் கொடுத்தது. 2020-ல் இரண்டாம் சுற்றில் ஜேலன் ஹர்ட்ஸ். மேலாளர் ஹாவி ரோஸ்மன், குவார்ட்டர்பேக் தொழிற்சாலையாக இருக்க விரும்புகிறோம் என்று சொல்லப்போய் ரசிகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அதே ஆண்டு வென்ட்ஸ் 15 இடைமறிப்பு கொடுத்து இடம் இழந்தார். அவரை அனுப்பியதில் 3.38 கோடி டாலர் கணக்கில் செத்த பணமாகக் கிடந்தது. 2025 பிப்ரவரியில் ஹர்ட்ஸ் சூப்பர் பவுலின் சிறந்த வீரர். தொழிற்சாலை என்ற பேச்சை இப்போது யாரும் கிண்டல் செய்வதில்லை.

● கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் 2025-ல் ஒரே டிராஃப்டில் இருவரை எடுத்தது: மூன்றாம் சுற்றில் டில்லன் கேப்ரியல், ஐந்தாம் சுற்றில் ஷெடூர் சாண்டர்ஸ். அந்த சீசனில் அனுபவசாலி ஜோ ஃபிளாக்கோவும் சேர்த்து மூவர் ஆட்டங்களைத் தொடங்கினார்கள். 1999-ல் அணி மறுபிறவி எடுத்ததிலிருந்து அங்கே முதன்மை வீரராக இறங்கியவர்கள் 40-ஐத் தாண்டிவிட்டார்கள்.

● கடைசியாக, அட்லான்டா. 2007 மார்ச்சில், மைக்கேல் விக் இருக்கிறாரே என்று மாற்று வீரர் மேட் ஷாபை ஹூஸ்டனுக்கு விற்றது. ஆகஸ்டில் விக் நாய்ச்சண்டை வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சீசன் 4 வெற்றி, 12 தோல்வி.

இப்போது கர்க் கசின்ஸைப் பாருங்கள். 2012-ல் வாஷிங்டன், மூன்று முதல் சுற்று வாய்ப்பும் ஓர் இரண்டாம் சுற்றும் கொடுத்து ராபர்ட் கிரிஃபினை எடுத்தது. அதே டிராஃப்டில், 102-வதாக, கசின்ஸையும் எடுத்தது. பைத்தியமா என்றார்கள். கிரிஃபினின் முழங்கால் முதல் ஆண்டே போனது; 2015-ல் இடம் கசின்ஸுக்கு வந்தது. அன்று அவர்தான் ‘இன்னொரு பையன்’. 2024 மார்ச்சில், 35 வயதில், அட்லான்டா அவருக்கு நான்கு ஆண்டுக்கு 18 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது, 10 கோடி உத்தரவாதத்தோடு. ஏப்ரலில் அதே அட்லான்டா எட்டாவதாக மைக்கேல் பெனிக்ஸை எடுத்தது. நாடே சிரித்தது. சிரித்தவர்களிடம் நியாயம் இருந்தது. இளைஞனை எடுப்பதென்றால் அந்தப் பத்துக் கோடியை ஏன் கொட்டவேண்டும்? டிசம்பரில் கசின்ஸை உட்கார வைத்துப் பெனிக்ஸை இறக்கினார்கள். 2025 நவம்பரில் பெனிக்ஸின் முழங்கால் தசைநார் கிழிந்தது. மிச்ச சீசனுக்குப் பந்தை வாங்கிக்கொண்டு களத்தில் நின்றவர் கசின்ஸ்.